தானே விழுந்த தாழ்

கதவைப் பற்றியும் அதனை அடைக்கும் கருவிகளைப் பற்றியும் நம் மொழியில் உள்ள சொற்கள் பல. கதவு, கதவம், புதவு என்பன ஒரு வரிசை. தாழ், தாழ்ப்பாள், எழு, கணையம், பூட்டு, திறவுகோல் என்பன மற்றொரு வரிசை. கோட்டைக் கதவின் பின்னால் குறுக்கே இடப்பெறும் எழுமரத்தைச் சங்கப் புலவர்கள் மன்னர்தம் தோள்களுக்கு உவமையாக்கினார்கள். வள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலில் அன்புடைமையைப் பேசும்போதும் தாழை நினைத்தார். காமத்துப்பாலில் நிறையழிதலைப் பேசும்போதும் தாழை நினைத்தார். பிற்காலத்தில் போர்ச்சுகீசியர் வாயிலாகச் ‘சாவி’ என்னும் சொல் வந்து சேர்ந்து, திறவுகோலை ஏட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேச்சில் தான் அமர்ந்துகொண்டது. திண்டுக்கல் பூட்டின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இத்தனை சொற்களுக்கும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. இவையெல்லாம் மனிதக் கையை எதிர்பார்த்து நிற்பவை. கை இறக்கினால் தாழ் விழும். கை தூக்கினால் தாழ் எழும். யாரும் தொடாமல் தானே விழும் தாழை நம் முன்னோர் கண்டதில்லை. ஆகவே அதற்கென்று ஒரு சொல்லும் அவர்கள் ஆக்கவில்லை. நான் அத்தகைய தாழ் ஒன்றைக் கண்டவன். 2016ஆம் ஆண்டு மே மாதத்து நண்பகல் ஒன்றில், திருச்சிராப்பள்ளித் தெரு ஒன்றில், என் கண்ணெதிரே அது விழுந்தது. அதன் உட்புறத்தில் என் அன்னையார் இருந்தார்.

நான் தமிழாசிரியன். எந்திரங்களோடு எனக்கு உள்ள உறவு, அவை இயங்கினால் மகிழ்வதும் இயங்காவிட்டால் வியப்பதும் மட்டுமே. 2013ஆம் ஆண்டில், அன்னையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் தேவை கூடிவந்தபோது, பழைய மகிழ்வுந்து ஒன்றை வாங்கினேன். விற்றவர் அதன் சிறப்புகளை அடுக்கிக்கொண்டே வந்தார். இறுதியில், ‘சென்ட்ரல் லாக் உண்டு சார்’ என்றார். அதாவது, ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்ற மூன்று கதவுகளும் தாமே பூட்டிக்கொள்ளும். அதனைத் திறந்தால் மற்றவையும் திறந்துகொள்ளும். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இவ்வசதி அதில் இல்லை. முதலில் வைத்திருந்தவர் பின்னாளில் வெளிக்கடையில் பொருத்தியது அது. அவர் திறவுகோல் ஒன்றுதான் கொடுத்தார். மற்றொன்று தொலைந்துவிட்டதாம். ‘ஒன்று போதுமே’ என்று நானும் இருந்துவிட்டேன். என் தவறுகளின் பட்டியல் அன்றே தொடங்கிவிட்டது.

மின்விசையால் இயங்கும் கதவுப் பூட்டு ஒன்றும் நேற்றுப் பிறந்ததன்று. 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ்-பூத் என்னும் வண்டியில் அது இருந்தது. 1956ஆம் ஆண்டில் பேக்கர்டு நிறுவனம் தன் வண்டிகளில் அதனை மீண்டும் கொண்டுவந்த பிறகே மெல்ல மெல்லப் பரவியது. செல்வர்க்குரிய சொகுசாகத் தொடங்கி, இன்று சிறு வண்டிகளிலும் இடம்பெற்றுவிட்டது. சொகுசாக வந்த ஒன்று பழக்கமாகி, பழக்கமானது கவனத்திலிருந்து நழுவி, கவனத்திலிருந்து நழுவியது ஒருநாள் தன்னை நினைவூட்டும். எந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான்.

வாங்கிய இரண்டாம் ஆண்டில் பின்புற இடக்கதவு முரண்டு பிடிக்கத் தொடங்கியது. பூட்டும்போது மற்றக் கதவுகளோடு சேர்ந்து ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். திறக்கும்போது மற்ற மூன்றும் ‘டக்’கென்று எழ, இது மட்டும் ‘உர்’ரென்று முனகிவிட்டு அப்படியே கிடக்கும். நான் முன்கதவைத் திறந்து, இருக்கைகளுக்கிடையே உடலை வளைத்து, கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் குமிழைக் கையால் தூக்கிவிடுவேன். சில மாதங்களில் அது என் உடற்பயிற்சியாகவே ஆகிவிட்டது. ஆறு மாதங்கள் கழித்து வேறொரு விந்தை தோன்றியது. ஓட்டுநர் கதவை அறைந்து சாத்தினால், எப்போதாவது ஒருமுறை, நான்கு கதவுகளும் தாமே பூட்டிக்கொண்டன. சாவி என் கையில் இருந்தமையால் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. வகுப்பில் மாணவர்களிடம், ‘என் வண்டிக்குத் தன்மானம் மிகுதி, அடித்துச் சாத்தினால் கோபித்துக்கொண்டு கதவடைத்துக்கொள்ளும்’ என்று நகைச்சுவையாகச் சொன்னதும் உண்டு.

என் துணைவியார் மட்டும் நகைக்கவில்லை. “என்னங்க, அந்தக் கதவை ஒருநாள் கொண்டுபோய்க் காட்டக் கூடாதா? அத்தையை ஏத்திக்கிட்டுப் போற வண்டி இது” என்று பலமுறை சொன்னார். விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும் என்றேன். கருத்தரங்கு முடியட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். முடிய வேண்டியவை எல்லாம் முடிந்தன, மழையும் விட்டது. கதவு மட்டும் அப்படியே இருந்தது.

அன்னையாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. மூன்று ஆண்டுகளாக மறதி நோய் அவரைச் சிறிது சிறிதாக எங்களிடமிருந்து பிரித்துக்கொண்டிருந்தது. முதலில் நேற்றைய நிகழ்ச்சிகள் மறைந்தன. பிறகு பெயர்கள் மறைந்தன. அதன்பின் பொருள்களின் பயன் மறையத் தொடங்கியது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பார். ஒருநாள் ஓடும் வண்டியில் கதவின் கைப்பிடியை இழுத்துவிட்டார். நல்வாய்ப்பாகக் கதவு பூட்டியிருந்தது. அன்றிலிருந்து பின்கதவுகளின் விளிம்பில் இருக்கும் ‘குழந்தைப் பூட்டை’ இட்டுவைத்தேன். அச்சிறு நெம்பைத் தள்ளிவிட்டால், உள்ளிருந்து கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறவாது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். குழந்தைகளுக்காக ஆக்கப்பட்டதை என்னைப் பெற்றவருக்காக இட்டபோது என் கை சற்று நடுங்கியது. ஆயினும் அது தேவையான காவல் என்றே இன்றும் கருதுகிறேன். காவலுக்கும் சிறைக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு குறைவு என்பதைத்தான் நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தில்லைநகரில் ஒரு மருந்துக்கடை எதிரே வண்டியை நிறுத்தினேன். கத்திரி வெயில். காலை பதினொன்றரை மணியே நடுப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. குளிரூட்டி ஓடியதால் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. அன்னையார் பின்னிருக்கையில் இடப்புறம் அமர்ந்து, வானொலியில் ஒலித்த பழைய பாடல் ஒன்றைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சொற்கள் அவரை விட்டுப் போன பிறகும் பாட்டு மட்டும் போகாமல் இருந்தது. எஞ்சினை நிறுத்தினேன், பாட்டு நிற்க வேண்டாம் என்று சாவியைச் சிறிது திருப்பி அப்படியே விட்டேன். ‘இரண்டு நிமிடம்தானே’ என்று இறங்கினேன். கையில் பை, மருந்துச் சீட்டு, பணம். இடுப்பால் தள்ளிக் கதவைச் சாத்தினேன். சற்று வேகமாகவே சாத்திவிட்டேன்.

‘டக்.’

அந்த ஒலியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நான்கு குமிழ்களும் ஒருசேரத் தாழ்ந்தன. கைப்பிடியை இழுத்தேன், வரவில்லை. சுற்றி ஓடி நான்கு கதவுகளையும் இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றுச் சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை; அப்படி ஒன்று எங்குமே இல்லை.

கண்ணாடியைத் தட்டி, “அம்மா, அந்தக் குமிழை மேலே தூக்குங்க!” என்று சைகை காட்டினேன். அது அவருடைய வலக்கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. குமிழ் ஒரு விரற்கடை உயர்ந்தால் போதும், வெளியிலிருந்து நான் கதவைத் திறந்துவிடலாம். கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். பிறகு தம் கையையும் உயர்த்தி அசைத்தார். நான் எங்கோ புறப்படுகிறேன் என்றும், விடைபெறுகிறேன் என்றும் அவர் எண்ணிவிட்டார். பள்ளிக்கு அனுப்பும் காலத்தில் வாயிற்படியில் நின்று அசைத்த அதே கையசைப்பு.

மருந்துக்கடைக்காரர் வந்தார், எதிரே நின்ற ஆட்டோ ஓட்டுநர் வந்தார், சிறு கூட்டம் கூடியது. ஒருவர் இரும்பு அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடிக்கும் அதன் அடியிலுள்ள ரப்பர்ப் பட்டைக்கும் இடையே நுழைத்து உள்ளே துழாவினார். முன்னொரு காலத்து வண்டிகளில் அது பலித்திருக்கும். இவ்வண்டியில் பலிக்கவில்லை. ஐந்து நிமிடங்கள் சென்றன. அன்னையார் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். அதன்பின் துடைக்கவில்லை, வியர்வை வழிய, அப்படியே அமர்ந்திருந்தார். தமக்கு என்ன நேர்கிறது என்று சொல்லத் தெரியாதவர் துன்பத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதினும் கொடியது ஒன்றுண்டோ, நான் அறியேன். வானொலி மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

பூட்டு மெக்கானிக் ஒருவரை அழைக்கலாம் என்றார் ஒருவர். அரைமணி நேரத்தில் வந்துவிடுவாராம். என் உள்ளம் கூசும்படி ஓர் உண்மையைச் சொல்கிறேன்: நான் அதற்கு உடன்பட இருந்தேன். கண்ணாடி உடைந்தால் ஆகும் செலவு ஒரு கணம் என் நெஞ்சில் வந்துபோனது. ஆட்டோ ஓட்டுநர்தான் என் முகத்தைப் பார்த்து, “ஐயா, அரைமணி நேரமெல்லாம் அந்தம்மா தாங்க மாட்டாங்க. கண்ணாடியை உடைச்சிடலாம். யோசிக்காதீங்க” என்றார். அவருக்கு முப்பது வயதுகூட இராது.

நான் ஒரு கல்லை எடுத்துப் பின்கதவை நோக்கிப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அந்தம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம் வேணாம், முன்பக்கம் உடைப்போம். நடுவுல அடிச்சா உடையாது, மூலையில அடிக்கணும்” என்று சொல்லித் தம் வண்டியிலிருந்து கூர்முனையுள்ள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துவந்தார். முன்புற இடக்கதவுக் கண்ணாடியின் கீழ்மூலையில் ஓங்கி ஓர் அடி, இரண்டாவது அடி. கண்ணாடி முழுவதும் ஒரு நொடியில் வெண்மையாகி, கல்லுப்பு மூட்டை அவிழ்ந்தாற்போலச் சரிந்தது. கையை விட்டு முன்கதவின் குமிழைத் தூக்கினார். மற்றக் கதவுகள் அசையவில்லை. நான் உள்ளே பாய்ந்து, பல மாதங்களாகப் பழகிய அந்த உடற்பயிற்சியை வாழ்நாளின் மிக விரைவான வேகத்தில் செய்து, பின்கதவின் குமிழைத் தூக்கினேன். வெளியே நின்ற மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார்.

அவரைத் தூக்கிக் கடைக்குள் மின்விசிறியின் கீழ் அமர்த்தினோம். உடல் அனலாகக் காய்ந்தது. ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்து, சிறிது சிறிதாக நீர் கொடுத்தோம். சற்று நேரத்தில் கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். “ஏன்டா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?” என்று கேட்டார்.

“விட்டாச்சும்மா” என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கதவு பூட்டிக்கொண்டதிலிருந்து கழிந்தவை பதினான்கு நிமிடங்கள்.

ஆட்டோ ஓட்டுநர் காசு வாங்க மறுத்துவிட்டார். “எனக்கும் ஊர்ல அம்மா இருக்காங்கய்யா” என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள்களுக்குப் பிறகு நன்றி சொல்ல அதே இடத்திற்குப் போனேன், அவரைக் காணவில்லை. இன்றுவரை காணவில்லை.

மறுநாள் காலை பாலக்கரைப் பக்கம் இருந்த ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். வாகன மின்பணியில் தலைநரைத்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அனைவரும் அவரை ‘பாய்’ என்றே அழைத்தனர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. கதவின் உட்பலகையைக் கழற்றி, என்னை அருகே அழைத்து, “வாங்க சார், நீங்களே பாருங்க” என்றார். ஆசிரியனாகிய நான் அன்று மாணவனானேன்.

ஒவ்வொரு கதவின் உள்ளேயும் கைப்பிடியளவு உள்ள ஒரு பெட்டி இருந்தது. அதனுள் சிறு மோட்டார். அதன் சுழற்சியை நேர்கோட்டு அசைவாக மாற்றும் நைலான் பற்சக்கரங்கள். அவ்வசைவைப் பூட்டுக்குக் கொண்டுசெல்லும் ஒரு கம்பி. மோட்டாருக்குச் செல்பவை இரண்டே மின்கம்பிகள். 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டு இறங்கும். திசை மாறிப் பாய்ந்தால் பூட்டு ஏறும். அதுவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. ஓட்டுநர் கதவின் பெட்டிக்கு மட்டும் ஐந்து கம்பிகள். இரண்டு மோட்டாருக்கு, மூன்று, ‘நான் பூட்டினேன்’, ‘நான் திறந்தேன்’ என்று மற்றக் கதவுகளுக்கு ஆணை அனுப்புவதற்கு. ஆணையிடும் கதவு ஒன்று. கீழ்ப்படியும் கதவுகள் மூன்று. முன்புற இடக்கதவின் குமிழைத் தூக்கியபோது மற்றக் கதவுகள் ஏன் திறவாமல் நின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. ஏவலாளன் கையுயர்த்தினால் படை அசையுமா?

“இடப்பக்கப் பின்கதவுல பல்சக்கரம் தேஞ்சுபோச்சு. இறக்குறதுக்கு அதுக்குத் தெம்பு இருக்கு, தூக்குறதுக்கு இல்ல” என்றார் பெரியவர். அதுதான் அக்கதவின் முனகல். தானே பூட்டிக்கொண்ட விந்தைக்குக் காரணம் வேறு. கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்கம்பிகள் செல்லும் வழியைக் காட்டினார். பின்னாளில் பூட்டைப் பொருத்தியவர் தகட்டில் துளையிட்டிருந்தார். துளையின் கூரிய விளிம்புக்கு ரப்பர் வளையம் இடாமல் விட்டிருந்தார். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கம்பிகள் மடங்கி நிமிர்ந்து அவ்விளிம்பில் உரசும். நாளொன்றுக்குப் பத்து முறை என்றால் ஆண்டுக்கு 3,650 முறை. உரசி உரசி, பூட்டும் ஆணையைக் கொண்டுசெல்லும் கம்பியின் மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. வண்டியின் இரும்பு உடல் முழுவதும் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டதாகும். அக்கம்பி அந்த எதிர்முனையைத் தொட்டால், ‘பூட்டுக’ என்பதே பொருள். கதவை வேகமாக அறையும்போது செம்பு தகட்டைத் தொட்டது; தொட்டவுடன் நான்கு கதவுகளும் கீழ்ப்படிந்தன. என் வண்டிக்குக் கோபமும் இல்லை, தன்மானமும் இல்லை. சொல்லப்பட்டதை அது செய்தது. சொன்னது யார் என்பதை அறிய அதற்கு வழியில்லை.

குறையை எப்படிக் கண்டறிவது என்பதையும் அவர் சொல்லித் தந்தார். எல்லாக் கதவுகளும் ஒருசேர அசையாவிட்டால் ஃபியூசையும் பாட்டரியையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கதவு மட்டும் அசையாவிட்டால் குறை அக்கதவில் உள்ளது. அதனருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். ஒலி வந்தும் குமிழ் அசையாவிட்டால் பற்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது இணைப்புக் கம்பி கழன்றிருக்கும், அல்லது பூட்டின் உள்ளே தூசியும் காய்ந்த கிரீசும் இறுகியிருக்கும். ஒலியே வராவிட்டால், 12 வோல்ட் விளக்கு ஒன்றை மோட்டாரின் கம்பிகளில் இணைத்து, பூட்டும்போதும் திறக்கும்போதும் அது மின்னுகிறதா என்று காண வேண்டும். மின்னினால் மோட்டார் பழுது. மின்னாவிட்டால் வழியில் எங்கோ கம்பி அறுந்துள்ளது. பெரும்பாலும் அது கதவு மடங்கும் இடத்தில்தான் அறும். மேலுறை முழுமையாகத் தெரியும். உள்ளே செம்பு இழைகள் துண்டாகியிருக்கும். வெளித்தோற்றம் கண்டு நலம் என்று முடிவு செய்யலாகாது என்னும் பாடம் வண்டிக்கு மட்டும் உரியதா என்ன?

மாலைக்குள் பின்கதவுக்குப் புதிய பெட்டியும், தேய்ந்த கம்பிக்குப் புதிய கம்பியும், துளைக்கு ரப்பர் வளையமும் பொருத்தித் தந்தார். இவையனைத்திற்கும் ஆன செலவு உடைந்த கண்ணாடியின் விலையைவிடக் குறைவு. அந்த வளையத்தின் விலையோ ஒரு குவளைத் தேநீரின் விலைதான். “இனிமே சாவி ரெண்டு வச்சுக்குங்க, ஒண்ணு வீட்டு அம்மா கையில இருக்கட்டும்” என்று அவரே சொல்லி, பக்கத்துக் கடையில் மாற்றுச் சாவியும் வெட்டி வாங்கித் தந்தார்.

வெப்பத்தைப் பற்றிப் பிறகு படித்தேன். 2005ஆம் ஆண்டில் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெயிலில் அடைத்து நிறுத்திய வண்டியினுள் வெப்பநிலை ஒருமணி நேரத்தில் சராசரியாக 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் உயர்கிறது என்றும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும் அது காட்டியது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதாலும் பெரும்பயன் இல்லையாம். இத்தனைக்கும் அந்த ஆய்வு நடந்த நாள்கள் நம் கத்திரி வெயிலுக்கு முன் குளிர்காலம் போன்றவை. குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். முதியோருக்கோ வியர்க்கும் ஆற்றலும் தாகம் உணரும் ஆற்றலும் குறைந்துவிடுகின்றன. அரைமணி நேரத்தில் வந்துவிடுவார் என்று ஒருவர் சொன்ன மெக்கானிக்கை நான் நினைத்துப் பார்த்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கண்ணாடியைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். பக்கவாட்டுக் கண்ணாடி, 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டெனக் காற்றால் குளிர்விக்கப்பட்டது. அதனால் அதன் மேற்பரப்பு இறுகி அழுத்தத்தில் நிற்கும். நடுவில் கல்லால் மோதினால் தாங்கிக்கொள்ளும். ஓரத்தில் கூர்முனை ஒன்று தைத்தால் முழுவதும் சிறு சிறு மணிகளாக உதிரும். முன்கண்ணாடி அவ்வாறு உதிராது. அது இரு படலங்களுக்கிடையே பிசின் ஏடு வைத்து ஒட்டப்பட்டது. ஆகவே உயிர் காக்க உடைக்க வேண்டியது பக்கக் கண்ணாடியையே. அதுவும் உள்ளிருப்பவருக்கு எட்டத்தில் இருப்பதையே. இதனை ஒரு நூலிலும் படிக்காமல் அந்த இளைஞர் அறிந்திருந்தார். எத்தனையோ நூல்களைப் படித்த நான் கல்லோடு நின்றேன்.

இனி நான் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றே. அந்நிகழ்ச்சிக்கு முந்திய பருவத்தில் நான் இளங்கலை வகுப்புக்குத் திருக்குறளில் நடத்திய அதிகாரம் ‘பொச்சாவாமை’. மகிழ்ச்சியிலும் மெத்தனத்திலும் கடமையை மறந்திருக்கும் நிலைக்குப் பொச்சாப்பு என்று பெயர். அது அளவிறந்த சினத்தைவிடக் கொடியது என்று உரையாசிரியர்களின் மேற்கோள்களோடு ஒருமணி நேரம் விளக்கினேன். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். வகுப்பு முடிந்து, வண்டிக்குச் சென்று, இருக்கைகளுக்கிடையே உடலை வளைத்து அந்தக் குமிழைத் தூக்கினேன். பாடத்திற்கும் குமிழுக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்னையார் மறந்தது நோயினால். நான் மறந்தது நோயினால் அன்று. எங்கள் இருவருள் மறதி நோய் யாருக்கு என்று அன்றிரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

என் இளமையில் நாங்கள் வாழ்ந்தது முசிறிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். வீட்டுக் கதவுக்கு ஒரு மரத்தாழ்ப்பாள் இருந்தது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் வார இறுதிகளில் கடைசிப் பேருந்தில் ஊருக்கு வருவேன். நள்ளிரவு ஆகிவிடும். தெருமுனையில் என் காலடி ஒலி கேட்கும்போதே உள்ளே தாழ்ப்பாள் விலகும் ஒலி கேட்கும். நான் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. எந்த மின்கம்பியும் இல்லாமல், எந்த ஆணையும் இல்லாமல், ஒரு காலடிக்குத் திறந்த தாழ் அது. அந்தக் கைகள்தாம், அறுபது ஆண்டுகள் தாழ்ப்பாள் நீக்கிப் பழகிய அந்தக் கைகள்தாம், ஒரு விரற்கடை உயரம் குமிழைத் தூக்க அறியாமல் எனக்கு விடைகொடுத்து அசைந்தன. தாழ் நீக்க வேண்டிய முறை என்னுடையதாக வந்தபோது நான் வெளியே நின்றேன்.

அன்னையார் அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்தார், 2019இல் மறைந்தார். அந்த நண்பகல் அவர் நினைவில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. இறைவன் அவருக்குச் செய்த அருள் அது. என் நினைவில் அது தங்கியிருப்பதும் ஒருவகையில் அருளே.

இப்போது என்னிடம் இருக்கும் வண்டி வேறு. சாவி வடிவிலேயே இல்லாத சாவி. தொட்டால் திறக்கும், விலகினால் பூட்டும். வாங்கிய அன்று நான் விற்பனையாளரிடம் கேட்ட முதற்கேள்வி, மின்கலம் செயலிழந்தால் இதனை எப்படித் திறப்பது என்பதே. அந்தச் சிறு பெட்டிக்குள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை அவர் உருவிக் காட்டினார். இத்தகைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் பலரைக் கேட்டேன். தம் கையிலேயே அது இருப்பதை அறியாதவர் பலர். இதனைப் படிப்போரும் இன்று மாலை ஒருமுறை உருவிப் பார்த்து, அது பொருந்தும் துளை எங்குள்ளது என்றும் பார்த்துவைத்தல் நலம். மாற்றுச் சாவியை வண்டியில் அன்று, வீட்டில் ஒருவர் கையில் வைத்தல் நலம். குழந்தையையோ முதியவரையோ உள்ளே விட்டு ‘இரண்டு நிமிடம்தானே’ என்று இறங்காதிருத்தல் எல்லாவற்றினும் நலம்.

மாணவச் செல்வங்களே, பெருங்கேடுகள் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. ‘உர்’ரென்று ஒரு முனகல், எப்போதோ ஒருமுறை தானே விழும் ஒரு தாழ், வீட்டிலுள்ளவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சொல் என்று அவை சிறு குரலில் நம்மை அழைத்துக்கொண்டே இருக்கின்றன. நான் அக்குரலைக் கேட்டு நகைத்தவன். நீங்கள் கேட்டவுடன் எழுந்து சென்று பார்ப்பவர்களாக இருங்கள். என் வகுப்பில் பொச்சாவாமைக்கு நான் அளித்த விளக்கம் நீண்டது. அதனை இப்போது ஒரே தொடரில் அடக்கிவிடலாம்: தேய்ந்த கம்பியை, அது தகட்டைத் தொடுமுன் மாற்றிவிடுக.